சேதி வேறு, சத்தம் வேறு

அறையில் இருந்தவர்கள் மூன்று பேர். சன்னலை ஒட்டிய பிரம்பு நாற்காலியில் வக்கீல், மடியில் கோப்போடு. அவருக்கு எதிரே ஸ்டூலில், அவரிடம் பயிற்சிக்கு வந்திருந்த சட்டக் கல்லூரி மாணவன். வீட்டுக்கார அம்மாள் மட்டும், தாராளமான சோபா ஒன்று சும்மா கிடக்க, இரும்பு நாற்காலியை உள்ளறையின் மூடிய கதவோடு சேர்த்துப் போட்டு, முதுகை அழுத்தி உட்கார்ந்திருந்தாள்.

"இப்படி சோபாவுல வந்து உக்காருங்களேன்," என்றார் வக்கீல்.

"தாழ்ப்பாள் போயிடுச்சு சார். காத்துல கதவு அடிச்சுக்கும்."

சன்னல் திரை அசையக்கூட இல்லை.

வக்கீலின் பழைய காரில் மூன்று நாளாகத் தெற்கே வந்துகொண்டிருந்தார்கள். மாணவனுக்குப் பயணம் பிடித்துத்தான் இருந்தது. ஓர் ஊரில் நாய் துரத்த, நோட்டீசும் கையுமாக மதிலேறிக் குதித்தான். இன்னோர் ஊரில் பஞ்சரான டயரைக் கழற்றிக்கொண்டே சொத்துச் சட்டத்தை ஒப்பித்து வக்கீலைச் சிரிக்க வைத்தான். இது கடைசி வீடு. இது முடிந்தால் பயிற்சிச் சான்றிதழில் அவர் கையெழுத்துப் போடுவார். அது இல்லாமல் பரீட்சை எழுத முடியாது.

வேலையும் சின்னதுதான். அந்த அம்மாளின் கணவர் காணாமல் போய் ஏழு வருடம் தாண்டிவிட்டது. ஒருவர் உயிரோடு இருந்தால் அவரைப் பற்றிக் கேள்விப்பட்டிருக்க வேண்டியவர்கள் அத்தனை காலம் ஒன்றும் கேட்கவில்லை என்றால், அவர் இறந்துபோனதாகச் சட்டம் எடுத்துக்கொள்ளும். அதன் பிறகு அவள் வீட்டை விற்றுவிட்டு மகளோடு போய் இருக்கலாம். அவள் வாக்குமூலத்தில் கையெழுத்திட வேண்டும். மாணவன் சாட்சிக் கையெழுத்து.

"வாசிங்க நீதியரசரே," என்றார் வக்கீல். அவனை அவர் கூப்பிடுவதே அப்படித்தான்.

"இந்த ஏழு ஆண்டுகளில் என் கணவரைப் பற்றி நான் எதுவும் கேட்கவில்லை…"

கதவுக்குப் பின்னால், தரையை ஒட்டி, மரத்தை நகத்தால் சுரண்டுகிற சத்தம் எழுந்தது. வேகமில்லாத சத்தம், வெகுகாலமாகச் சுரண்டிச் சுரண்டி, இனி யாரும் திறக்கப்போவதில்லை என்று தெரிந்த பிறகும் கை பழகிப்போய்ச் சுரண்டுகிற சத்தம்.

"எலி," என்றாள் அவள், யாரும் கேட்காமலே. "மேல வாசிங்க தம்பி."

வாசித்தான். "அவர் உயிரோடு இல்லை என்றே நம்புகிறேன்." சுரண்டல் நின்றது. யாரோ காது கொடுத்துக் கேட்பதுபோல் நின்றது.

கை கழுவ வேண்டும் என்று சொல்லிக் கொல்லைப்பக்கம் போனான். நடையெங்கும் பினாயில் நெடி. அதற்கு அடியில், ஈரத்துணியை நாள்கணக்கில் வாளிக்குள் மறந்துவிட்டதுபோல் இன்னொரு வாடை. வெளிச்சுவரில், அந்த உள்ளறைக்குச் சன்னல் இருக்க வேண்டிய இடத்தைச் செங்கல் வைத்துப் பூசியிருந்தார்கள். பூச்சின் மேல் பாசி கறுத்துத் தடித்திருந்தது. ஏன் என்று தெரியாமலே அதன்மேல் உள்ளங்கையை வைத்தான்.

உள்ளேயிருந்து, சரியாக அந்த இடத்தில், ஏதோ மெல்லத் தட்டியது.

திரும்பி வந்து வக்கீலின் பக்கம் குனிந்தான். "சார்… கேட்கவில்லைன்னு எழுதியிருக்கோம். எனக்கு என்னமோ கேக்குது சார்."

வக்கீல் கோப்பிலிருந்து தலையைத் தூக்கவில்லை. "சட்டத்துல கேக்குறதுன்னா சேதி வர்றதுய்யா. சத்தம் வர்றது இல்ல. மூணாவது வருஷம் படிக்கிற, இதுகூடவா சொல்லித் தரணும்? போடு கையெழுத்த."

சிரித்துத்தான் சொன்னார். ஆனால் கதவுப் பக்கம் ஒருமுறைகூடப் பார்க்காமல் பேனாவை நீட்டினார்.

அவள் போட்ட கையெழுத்துக்குக் கீழே போட்டான்.

வாக்குமூலம் கோர்ட்டுக்குத் தபாலில் போக வேண்டும். எதிர்ச்சாரியில்தான் தபால் நிலையம். மூடுகிற நேரம். "என் கையாலயே ஒட்டி அனுப்பணும் சார்," என்று எழுந்தவள், நாற்காலியை விடாமல், மறுகையால் மாணவனின் தோளைப் பற்றி அதில் உட்கார வைத்தாள். அவள் பிடியின் பலத்தை அவன் எதிர்பார்க்கவில்லை. "நாங்க வர்ற வரைக்கும் எந்திரிக்காதீங்க தம்பி. எது கேட்டாலும்."

நாற்காலி சூடாக இருந்தது.

சன்னல் வழியே பார்த்தான். இருவரும் தெருவைக் கடந்தார்கள். கவுண்டரில் விளக்கு. பசை டப்பா. அவள் உறையை எடுத்தாள்.

முதுகில் கதவு அசைந்தது. தள்ளவில்லை. உள்ளிருந்து ஏதோ அதில் சாய்ந்தது.

"தம்பி."

வறண்ட குரல். மரத்தோடு வாயை வைத்துப் பேசுகிற குரல்.

"நான் இருக்கேன்னு சொல்லு தம்பி. அது போதும்."

தெரு அகலமில்லை. ஒரு சத்தம் போட்டால் வக்கீல் திரும்பிப் பார்ப்பார். வாயைத் திறந்தான். சான்றிதழ் நினைவுக்கு வந்தது. பாசி நினைவுக்கு வந்தது. அத்தனை காலம் பூசிய சுவருக்குள் இருந்துவிட்டு, இப்போது என்னவாக எழுந்து வெளியே வரும்?

வாயை மூடிக்கொண்டான்.

அவள் பசை தடவினாள்.

கதவின் அடியிடுக்கில் விரல்கள். நான்கு. நகங்கள் நீண்டு, சுருண்டு. அவன் குதிகாலைத் தேடித் தடவின. பிடித்தன. வலிக்கும்படி இல்லை. கூட்டத்தில் குழந்தை பிடித்துக்கொள்வதுபோல்.

"ஒட்டிட்டாளா?"

அவள் உறையை மடித்தாள். கட்டைவிரலால் ஓரம் முழுக்க அழுத்தினாள். நீட்டினாள்.

"தம்பி… ஒட்டிட்டாளா?"

தபால் ஊழியர் முத்திரையை ஓங்கிக் குத்தினார். உறை பைக்குள் விழுந்தது.

கதவுக்குப் பின்னால் மூச்சு நின்றது. குதிகாலில் விரல்கள் சில்லிட்டன. விறைத்தன.

பிடி மட்டும் விடவில்லை.