ஐஸ் கிடங்கு வேலியில் ஒரு கொடி

கொடிமரம் மொட்டையாக நின்றது.

சான் தெல்மோ மீன்பிடித் துறையில் அதை முதலில் கவனித்தவர் காவலாளி எலிசியோ. காலை ஏழரை மணி. அதற்குள் வாடைக்காற்று முழு வேகத்தில் இறங்கிவிட்டிருந்தது. மலைக் கணவாய் வழியாகப் பாய்ந்து, மணலை வாரிக்கொண்டு கடலுக்குள் ஓடியது. கரையோரத் தண்ணீர் தட்டில் ஊற்றியதுபோலக் கிடந்தது. தொலைவில்தான் அலைகள் வெள்ளை வெள்ளையாக எழுந்து விழுந்தன. தெவாந்தெபெக் வளைகுடாவில் குளிர்காலத்து வாடை அப்படித்தான். கரையில் நிற்பவனை ஏமாற்றும்.

முந்தின நாள் மாலையே வானொலி தெளிவாகச் சொல்லியிருந்தது: விடிந்ததும் கடும் வாடை, சிறு படகுகள் கடலுக்குப் போக வேண்டாம். அதைக் கேட்டு எலிசியோ சிவப்புக் கொடியை ஏற்றிவிட்டுத்தான் வீட்டுக்குப் போனார். சிவப்புக் கொடி பறந்தால் துறை மூடியதாகப் பொருள்; இறக்கியிருந்தால் கடலுக்குப் போகலாம்.

ஆனால் விடியுமுன் ஒரு படகு போயிருந்தது. அதில் மார்சியலும் அவன் தம்பி சிரிலோவும் இருந்தார்கள்.

துறை மூடியிருக்கும்போது படகு போனால் போலீசுக்குச் சொல்ல வேண்டும். இன்ஸ்பெக்டர் லெயோகாதியா எட்டரை மணிக்கு ஜீப்பிலிருந்து இறங்கினாள். மணல் முதுகில் ஊசியாகக் குத்தியது. படகுத்துறையில் ஒரே மீட்புப் படகு டீசல் நிரப்பிக்கொண்டிருந்தது.

"எந்தப் பக்கம் தேடப் போறீங்க கேப்டன்?"

"கிழக்கே, கழிமுகத்துப் பக்கம். அவங்க வழக்கமா போற இடம். இருட்டுறதுக்குள்ள ஒரு பக்கம்தான் பார்க்க முடியும் மேடம். தப்பான பக்கம் போனா..." மீட்புப் படகின் கேப்டன் குனிந்து டீசல் அளவைப் பார்த்தார்.

மார்சியலின் மனைவி நிகோலாசா ஓடி வந்து லெயோகாதியாவின் கையைப் பிடித்துக்கொண்டாள். நேற்று வாரிய தலை கலைந்து கிடந்தது.

"கொடியை மீறிப் போனான்னு எல்லாரும் சொல்றாங்கம்மா. அவர் போகமாட்டாரு! எங்கப்பாவை இதே வாடைதான் கொண்டுபோச்சு. கொடி பறந்தா கடல்ல கால் வைக்கமாட்டேன்னு மாதா கோயில்ல சொல்லித்தான் என்னைக் கட்டிக்கிட்டாரு. ஒன்பது வருஷமா ஒரு நாள் மீறினதில்ல."

"படகு கிளம்பறப்ப நீ பார்த்தியா?"

"தூங்கிட்டேன். என் போர்வையைச் சரி பண்ணினது மட்டும் தெரிஞ்சுது."

எலிசியோ கையில் சுருட்டிய கொடியோடு வந்தார். "கிடைச்சிருச்சு மேடம். ஐஸ் கிடங்கு முதலாளிதான் எடுத்துக் குடுத்தாரு. எங்க போயிருக்கும்? வழக்கம்போல ஐஸ் கிடங்கு வேலிதான்!"

சுற்றி நின்றவர்கள் தலையாட்டினார்கள். ஊருக்கு மேட்டுப் பக்கம், கொடிமரத்துக்குப் பின்னால் இருந்தது அந்த முள்கம்பி வேலி. கயிற்றில் காயப்போட்ட துணி, தொப்பி, பிள்ளைகளின் பட்டம் என்று எது பறந்து போனாலும் அங்கே போய் எடுத்துக்கொள்வது ஊர்ப் பழக்கம். "என் பாவாடையில பாதி அபுந்தியோ வேலியிலதான் காயுது" என்று மீன்காரிகள் கேலி பேசுவார்கள்.

ஐஸ் கிடங்கின் முதலாளி அபுந்தியோ, நிகோலாசாவின் அண்ணன். மறுநாள் மாதா திருவிழாவில் முந்நூறு பேருக்கு விருந்து போடுவது இந்த வருஷம் அவர் முறை. பெரிய வைக்கோல் தொப்பியை ஒரு கையால் அழுத்திப் பிடித்தபடி நின்றிருந்தார்.

"நீங்கதான் கொடியைக் கண்டெடுத்தீங்களா?"

"ஆமா மேடம். வெளிச்சம் வந்தப்புறம் காத்து அடிச்சுது பாருங்க ஒரு அடி! பிச்சுக்கிட்டு வந்து என் கண்ணு முன்னாடியே வேலியில மாட்டுச்சு. அதுவரைக்கும் மரத்துலதான் பறந்துச்சு. மச்சான் பார்த்துட்டுத்தான் போயிருக்கான்."

"அண்ணே!" நிகோலாசா அலறினாள். "நீயுமா?"

"நான் என்னம்மா பண்றது? கண்ணால பார்த்ததைத்தானே சொல்றேன்."

"அவங்க உங்ககிட்ட ஐஸ் வாங்கினாங்களா?"

"பக்கத்துல இருக்கிற கழிமுகத்துக்குப் போக ஐஸ் எதுக்கு? கிடங்கை நான் இன்னும் திறக்கவே இல்ல."

லெயோகாதியா கொடியை விரித்தாள். ஓரத்தில் ஒரு கிழிசல்கூட இல்லை. மூலைக் கயிறுகள் இரண்டும் முழுசாக இருந்தன.

"எலிசியோ, காத்து முடிச்சை அவிழ்க்குமா?"

"அறுக்கும் மேடம். அவிழ்க்காது." எலிசியோவின் முகம் மாறியது.

மீட்புப் படகின் இயந்திரம் உறுமியது. கேப்டன் கையை உயர்த்தினார். "கிளம்பறோம் மேடம்!"

"ஒரு நிமிஷம்!"

லெயோகாதியா எல்லோரையும் கொடிமரத்தடிக்கு அழைத்தாள். யாரும் எதிர்பாராத நேரத்தில் அபுந்தியோவின் தொப்பியைப் பிடுங்கி மேலே வீசினாள்.

கூட்டம் மொத்தமும் பழக்கதோஷத்தில் வேலிப் பக்கம் திரும்பிப் பார்த்தது.

வேலியில் ஒன்றுமில்லை. தொப்பி அவர்கள் தலைக்கு மேல் எதிர்ப்பக்கம் பறந்து, படகுத்துறையைத் தாண்டி, கடலுக்கு மேல் சின்னப் புள்ளியாகிக்கொண்டிருந்தது.

லெயோகாதியா கூட்டத்தைப் பார்த்தாள்.

"வருஷம் முழுக்க கடல்காத்து உங்க துணியை வேலிக்குக் கொண்டுபோகுது. அதனால வேலின்னதும் எல்லாரும் நம்பிட்டீங்க, நானும்தான். ஆனா இன்னைக்கு அடிக்கிறது வாடை. மேட்டுலேர்ந்து கடலுக்கு அடிக்குது. மரத்துலேர்ந்து கொடி பிச்சுக்கிட்டிருந்தா இந்தத் தொப்பி போன வழிதான் போயிருக்கும். காத்தே இல்லாத நேரத்துல, முடிச்சை அவிழ்த்து இறக்கி, அப்புறம் வேலியில மாட்டினது ஒரு கை." அவள் அபுந்தியோவின் பக்கம் திரும்பினாள். "கண்ணு முன்னாடி பறந்து வந்துச்சுன்னு சொன்னீங்க. நாளைக்கு மாதா திருவிழா விருந்து உங்க முறையாமே. முந்நூறு பேருக்கு மீன் எங்க?"

அபுந்தியோ தொப்பி இல்லாத தலையைத் தடவினார்.

நிகோலாசா அவர் எதிரே போய் நின்றாள். திட்டவில்லை, கையை ஓங்கவில்லை. அவள் குரல் கெஞ்சியது.

"எங்க அனுப்பினே அண்ணே? அதை மட்டும் சொல்லு."

அவர் மண்ணில் உட்கார்ந்துவிட்டார். "ஆமைத் திட்டுக்கு. மேற்கே. கூட ரெண்டு பெட்டி ஐஸ் குடுத்தேன்... வானொலி சொன்ன நேரத்துக்கு வாடை எப்பவும் அரைநாள் தள்ளித்தான் வரும்மா. அதுக்குள்ள திரும்பிருவான்னு நெனச்சேன். விருந்துல வெறும் பீன்ஸைப் பரிமாறினா ஊர் சிரிக்காதா? கொடி இருந்தா அவன் கிளம்பமாட்டான். அதான்... இவங்க கிழக்கே தேடிட்டு எப்படியும் மேற்கேயும் போவாங்கன்னு..."

"மேற்கே போக டீசல் இருக்காதுய்யா!" கேப்டன் கத்தினார். அடுத்த நொடி படகை நோக்கி ஓடினார். "மேற்கே! ஆமைத் திட்டுலேர்ந்து நேர் தெற்கே! வாடை அவங்களை அந்தப் பக்கம்தான் தள்ளியிருக்கும்!"

அதன்பிறகு காத்திருப்புதான். எலிசியோ கொடியை மறுபடி ஏற்றினார், இரட்டை முடிச்சுப் போட்டு. அபுந்தியோவை ஜீப்பில் உட்கார வைத்திருந்தார்கள். அவருடைய மனைவி கொண்டுவந்த கஞ்சியை நிகோலாசா தொடவில்லை. மதியம் வந்தது, போனது. மீட்புப் படகோடு பேசும் வானொலிப் பெட்டி இரைந்துகொண்டே இருந்தது. மீன்காரிகள் ஒவ்வொருவராக வந்து அவளைச் சுற்றி உட்கார்ந்தார்கள். ஒருத்திகூட வேலிப் பக்கம் திரும்பிப் பார்க்கவில்லை.

வெயில் சாயும் நேரம் பெட்டி கரகரத்தது.

"...கவுந்த படகு... ரெண்டு பேர், அதோட அடிப்பலகையைப் பிடிச்சுக்கிட்டு... சின்னவனுக்கு கை ஒடிஞ்சிருக்கு. உயிரோட இருக்காங்க. திரும்பச் சொல்றேன், ரெண்டு பேரும் உயிரோட..."

நிகோலாசா எழுந்து பெட்டியருகே ஓடினாள். லெயோகாதியா பேசும் கருவியை அவள் வாயருகே கொண்டுபோனாள்.

மறுபக்கம் குளிரில் பற்கள் தந்தியடிக்கும் ஓசை. பிறகு, உப்பில் வெந்துபோன ஒரு குரல்.

"நிகோ... கொடி இல்லடி. சத்தியமா. ரெண்டு தடவை திரும்பிப் பார்த்தேன்."

"தெரியுங்க" என்றாள் அவள். "வீட்டுக்கு வாங்க."