வலப்பக்கம் நின்றவள்

பேசும்படம் வந்ததிலிருந்து ஊமைப் படங்களைச் சீந்துவாரில்லை. எனக்கோ அவற்றின்மேல்தான் பைத்தியம். மலாயாவின் ஜொகூர் பாருவில் ரயில்வே கிராணியாக, கணக்கெழுதும் வேலையில் இருந்த நான், 1934இல் ஒரு படத்தைப் பார்ப்பதற்கென்றே லாபிஸ் என்ற ஊருக்கு ரயிலேறினேன். குடித்து மனைவியைக் கைவிட்டவன், கடவுளை நம்பித் திருந்தி, கடைசியில் அவள் காலில் விழும் கதை. அவள் அவனைத் தூக்கி நிறுத்துவாளாம். மிச்சமிருந்தது ஒரே பிரதி.

அதை வைத்திருந்த வீரமுத்து ரப்பர்த் தோட்டந்தோட்டமாகப் போய்ப் படம் காட்டியவர். திரைக்கு இடப்பக்கம் நின்று ஆண்களுக்கு அவர் குரல் கொடுப்பார். வலப்பக்கம் நின்று பெண்களுக்கு அவர் மனைவி ராசம்மா.

"உங்கட மனுசி எங்க?" என்று கேட்டேன்.

"படக் கொட்டகை தீப்பிடிச்சுச்சு ஐயா. நான் படப்பெட்டியத் தூக்கிக்கிட்டு ஓடிட்டேன். அவ பின்னால வர்றான்னு நெனச்சேன்."

ரப்பர் ஷீட்டுகளைப் புகைபோடும் கொட்டகையில் நண்பகலிலேயே கதவைச் சாத்தினார். என்னை மெஷின் கைப்பிடியைச் சுற்றச் சொன்னார். தன் இடத்தில் நின்று கதை சொன்னார். பெண்ணின் உதடு அசையும்போதெல்லாம் பேசாமல் வலப்பக்கத்தைப் பார்த்தார்.

கடைசிக் காட்சி வந்தது.

புகை வாடைக்கு மேலே முடி கருகும் நாற்றம்.

"என்னை மன்னிச்சிடு," என்றார் வீரமுத்து. திரையில் அவன் விழுந்தான்.

அவள் குனியவில்லை. முதுகைக் காட்டிக்கொண்டு நடந்தாள்.

"தூக்கிவிடுவாள் எண்டுதானே சொன்னாங்கள்?" என்று கேட்டேன்.

"அப்படித்தான் எடுத்திருக்காங்க. சுருளப் பாருங்க."

கதவைத் திறந்து வெயிலில் பிடித்துப் பார்த்தேன். கட்டம் கட்டமாக அவள் குனிகிறாள், அவனைத் தூக்குகிறாள்.

"அவ போனதுலேருந்து திரையில மட்டும் இப்படி. ஒரே ஒரு தடவ திரும்பிப் பாத்தா போதும் ஐயா." அவர் அழுதார்.

தை மாதம் வீரமுத்து இறந்துபோனார். படப்பெட்டியும் மெஷினும் எனக்கு ரயிலில் வந்தன. ஒரு ஞாயிறு மதியம் ஜன்னல்களைச் சாத்தி, சுவரில் வேட்டியைக் கட்டி, கைப்பிடியைச் சுற்றினேன். அவர் செத்த பிறகாவது ராசம்மா மன்னித்திருப்பாள் என்று ஒரு நப்பாசை.

அவன் காலில் விழுந்தான்.

அறையில் நான் மட்டும்தான் இருந்தேன். வாயைத் திறக்கவில்லை.

வேட்டிக்கு இடப்பக்கம் இருட்டிலிருந்து குரல் வந்தது.

"ராசம்மா, என்னை மன்னிச்சிடு புள்ள."

கருகல் நாற்றம் அடித்தது. என் கை நிற்காமல் சுற்றியது.

அவள் திரும்பிப் பார்க்காமல் நடந்தாள்.