தரையில் கிடந்த மஞ்சள் கோடு

தேன்மொழி தன் தலையில் தானே ஒரு குட்டு வைத்துக்கொண்டாள். புதன்கிழமை ஓய்வு நேரம் தொடங்கியதிலிருந்து இது மூன்றாவது குட்டு.

"அலமாக்! ஐயோ, மறுபடியும் மஞ்சளைக் காணோம்!"

பக்கத்து நாற்காலியில் இருந்த ரூபேந்திரன் திரையை எட்டிப் பார்த்தான். கணினி அறையில் சாப்பிடக் கூடாது. அதனால் அவன் மேசைக்குக் கீழே குனிந்து ரொட்டியைக் கடித்து, மேலே நிமிர்ந்து மென்றுகொண்டிருந்தான்.

"சிவப்பு இருக்கு. நீலம் இருக்கு. நம்ம பச்சை எல்லாத்துக்கும் மேல இருக்கு. போதும்லா," என்றான்.

"நாலு குழுடா. மூணு கோடுதான் தெரியுது."

"வெள்ளைத் தாள்ல மஞ்சள் கோடு போட்டா எப்படித் தெரியும்? சோத்துல மோர் ஊத்தின மாதிரிதான் இருக்கும்."

அதுவும் சரிதான் என்று தேன்மொழிக்குப் பட்டது.

ஜொகூரில் இருந்த அவர்கள் பள்ளியில் ஐந்தாம் ஆண்டு மாணவர்கள் நான்கு குழுக்களாகப் பிரிந்து பழைய சமையல் எண்ணெய் சேர்த்துவந்தார்கள். பொரித்து முடித்த எண்ணெயைச் சாக்கடையில் ஊற்றாமல் பள்ளிக்குக் கொண்டுவர வேண்டும். மாதக் கடைசியில் ஒரு லாரி வந்து, துணி துவைக்கும் சவர்க்காரம் செய்ய அதை எடுத்துப் போகும். மாடியில் இருந்த அறிவியல் அறை வாசலில் ஒரு பெரிய பீப்பாய் இருந்தது. அதன் பக்கத்தில் நூலில் கட்டிய ஒரு நோட்டுப் புத்தகம் தொங்கியது. யார் ஊற்றினாலும் தேதியையும் லிட்டரையும் அவர்களே எழுத வேண்டும்.

திங்கட்கிழமை பெற்றோர் கூட்டம். எந்தக் குழு என்றைக்கு எவ்வளவு கொண்டுவந்தது என்பதை ஒரு பெரிய கோட்டுப்படமாக மண்டபத்தில் மாட்டப் போகிறார்கள்.

"உங்க அக்கா எழுதின புரோகிராம் இருக்கே, அதையே வெச்சுப் படம் போட்டுடும்மா. வெள்ளிக்கிழமை பன்னிரண்டு மணிக்கு அச்சுக்கு அனுப்பணும்," என்று கணினி ஆசிரியர் லெட்சுமணன் சார் சொல்லியிருந்தார்.

தேன்மொழியின் அக்கா வைஷ்ணவி இப்போது இடைநிலைப் பள்ளியில் மூன்றாம் படிவம். மூன்று ஆண்டுகளுக்கு முன் இதே பள்ளியில் படித்தபோது, பழைய காகிதம் சேர்த்ததைப் படமாகக் காட்ட அந்தப் புரோகிராமை எழுதினாள்.

பைத்தான் என்ற கணினி மொழியில், படம் வரைவதற்கென்றே யாரோ எழுதி வைத்த கட்டளைகளின் தொகுப்பு உண்டு. அதை நூலகம் என்பார்கள். ஆனால் அதில் ஒரு புத்தகம்கூடக் கிடையாது. தேதிகளை ஒரு வரிசையாகவும் எண்களை இன்னொரு வரிசையாகவும் கொடுத்தால், அது புள்ளி வைத்து, புள்ளிகளைச் சேர்த்துக் கோடு போட்டுவிடும். நோட்டில் இருந்த எண்களை எல்லாம் ரூபேந்திரன் இரண்டு நாள் ஓய்வு நேரத்தில் ஒற்றை விரலால் தட்டிக் கணினியில் ஏற்றியிருந்தான்.

தேன்மொழி வெளிர் மஞ்சளை அடர் மஞ்சளாக மாற்றினாள். படத்தை மறுபடி ஓடவிட்டாள்.

இப்போது மஞ்சள் கோடு தெரிந்தது. படத்தின் அடியில், சைபரின் மேல், இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம்வரை நீட்டிப் படுத்துக் கிடந்தது.

மற்ற மூன்று கோடுகளும் ஏறி இறங்கின. வாரத்துக்கு ஒரு முறை அவையும் தடுக்கி விழுந்ததுபோலத் தரையைத் தொட்டு எழுந்தன. தேன்மொழி அதைப் பார்த்தாள். எல்லாருக்கும்தானே விழுகிறது என்று விட்டுவிட்டாள்.

அதற்குள் மணி அடித்தது. வகுப்புப் பிள்ளைகள் திமுதிமுவென்று உள்ளே வந்தார்கள். புரொஜெக்டர் வழியாகச் சுவரில் பெரிதாகத் தெரிந்த படத்தை அணைக்கத் தேன்மொழிக்கு நேரம் கிடைக்கவில்லை.

"ஹே! மஞ்சள் குழு தூங்குதுலா!" என்று யாரோ கத்தினார்கள்.

மஞ்சள் குழுவின் தலைவி புஷ்பவள்ளி. உயரமானவள்; குரல் அதைவிட உயரம். "யாரு தூங்கறா? நாங்க மூணு தடவை ஊத்தினோம். நான்தான் கையால எழுதினேன்!"

நீலக் குழுவின் கவின் சிரித்தான். "அப்புறம் ஏன் சைபர்? உங்கம்மா அந்த எண்ணெயிலயே மறுபடியும் வடை சுடறாங்க போல!"

வகுப்பே சிரித்தது. புஷ்பவள்ளியின் அம்மா தெப்ராவ் இரவுச் சந்தையில் வடையும், கறி அடைத்துப் பொரித்த கரிபாப்பும் விற்பவர் என்பது எல்லாருக்கும் தெரியும்.

ஒன்றுக்கு மூன்றாகப் பதில் கொடுக்கும் புஷ்பவள்ளி அன்று நேரே தன் இடத்தில் போய் உட்கார்ந்தாள். அவள் காதுகள் சிவந்திருந்தன. வகுப்பு முடிந்து போகும்போது தேன்மொழியின் மேசை அருகே நின்றாள்.

"திங்கக்கிழமை எங்கம்மா கூட்டத்துக்கு வராங்க. எல்லா அப்பா அம்மாவும் அந்தச் சைபரைப் பார்ப்பாங்க. பாத்துட்டு, இந்தக் கவின் சொன்னதையேதான் நினைப்பாங்க. நாங்க இனிமே எண்ணெயும் கொண்டு வரல, ஒண்ணும் கொண்டு வரல. சந்தோஷமா?"

பதிலுக்குக் காத்திராமல் போய்விட்டாள்.

தேன்மொழிக்கு வந்த கோபமெல்லாம் ரூபேந்திரன் பக்கம் திரும்பியது. "ஏன்டா மஞ்சளைத் தட்டாம விட்டே? ரொட்டி தின்னுக்கிட்டே தட்டினியா?"

"சத்தியமா தட்டினேன்! என் விரலைப் பாரு, தேஞ்சே போச்சு!"

இருவரும் நோட்டை எடுத்து வந்து ஒவ்வொரு வரியாகப் பார்த்தார்கள். ரூபேந்திரன் பொய் சொல்லவில்லை. மஞ்சள்: ஒன்பது லிட்டர், பதினொன்று, பத்து. நோட்டில் இருந்தது. கணினியிலும் இருந்தது. படத்தில்தான் இல்லை.

"இருக்கற எண்ணெய் எங்கேடா போகும்?"

அவள் எண்களை அழித்து மறுபடி தட்டினாள். மஞ்சள் எழவில்லை. மஞ்சளை ஊதா ஆக்கினாள். ஊதாக் கோடு தரையில் படுத்தது. கணினியை அணைத்து மறுபடி போட்டாள். சரஸ்வதி பூசை அன்று கணினிக்கு வைத்த குங்குமப் பொட்டு இன்னும் மங்கலாக ஒட்டியிருந்தது. அதைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டு ஓடவிட்டாள். கோடு அசையவில்லை.

"பேசாம மஞ்சளையே எடுத்துடலாம். கோடே இல்லன்னா யாரு சிரிப்பா?" என்றான் ரூபேந்திரன்.

"எண்ணெய் டின்னை மாடியேறித் தூக்கிட்டு வந்தவளை எப்படிடா எடுக்கறது?"

ரூபேந்திரன் தலையைச் சொறிந்தான். "கஷ்டம்தான்," என்றான்.

அன்று மாலை வீட்டில் அக்காவிடம் கேட்டாள். வைஷ்ணவி பாடப் புத்தகத்திலிருந்து தலையைத் தூக்கவே இல்லை.

"என் புரோகிராம்ல தப்பே கிடையாது. மூணு வருஷமா நல்லா ஓடுது."

"ஓடுதுக்கா. மஞ்சளை விட்டுட்டு ஓடுது!"

"எனக்கு நாளைக்குப் பரீட்சை. போடி."

வியாழக்கிழமை காலை தேன்மொழி வகுப்பின் முன்னால் போய் நின்றாள். "மஞ்சள் குழு முப்பது லிட்டர் கொண்டு வந்திருக்காங்க. நோட்டை யார் வேணும்னாலும் பாக்கலாம். படம்தான் தப்பு," என்றாள். புஷ்பவள்ளி அன்று பள்ளிக்கு வரவில்லை. பாதிப் பேர் நம்பினார்கள். மீதிப் பேர், "கம்ப்யூட்டர் எப்படித் தப்பு பண்ணும்?" என்றார்கள். அன்று ஓய்வு நேரத்திலும் கோடு எழுந்திருக்கவில்லை.

மாலை ஆறு மணிக்கு அம்மா காய்கறி வாங்க இரவுச் சந்தைக்குக் கிளம்பினார். தேன்மொழி யோசித்தாள். படத்தைச் சரிசெய்ய முடியவில்லை. ஆனால் மன்னிப்புக் கேட்கப் படம் சரியாக வேண்டுமா என்ன?

"அம்மா, நானும் வரேன்," என்றாள்.

வடைக் கடையில் நல்ல கூட்டம். புஷ்பவள்ளி பைகளில் வடை போட்டுக்கொண்டிருந்தாள். தேன்மொழியைக் கண்டதும் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். தேன்மொழி மேசையைச் சுற்றி உள்ளே போனாள்.

"நீ எழுதினது நோட்டுல இருக்கு. கம்ப்யூட்டர்லயும் இருக்கு. படத்துலதான் வரல. சரியா பாக்காம எல்லார் முன்னாடியும் காட்டினது என் தப்பு. மன்னிச்சுக்க."

"கவின்கிட்டச் சொன்னியா?"

"எல்லார்கிட்டயும் சொல்லிட்டேன்."

"நம்பினாங்களா?"

"பாதிப் பேர்."

புஷ்பவள்ளிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அதை மறைக்க அவசரமாக இன்னொரு பையை எடுத்தாள்.

"என்னம்மா, ரெண்டு பேரும் குசுகுசுன்னு?" என்று வாணலிக்குப் பின்னாலிருந்து குரல் வந்தது. புஷ்பவள்ளியின் அம்மா அன்னபூரணி.

புஷ்பவள்ளியின் கண்கள், சொல்லிவிடாதே என்று கெஞ்சின.

"ஒண்ணுமில்ல ஆன்ட்டி. எண்ணெய் எப்பக் கொண்டு வருவான்னு கேட்டேன்," என்றாள் தேன்மொழி.

"எப்பவா? என்னைக்கும் வெள்ளிக்கிழமை காலையிலதான். இன்னிக்குச் சந்தை முடிஞ்சாதானே எண்ணெய் மிஞ்சும்? இவ குழுப் பிள்ளைங்க எல்லாரும் எங்க அடுக்குமாடிதான், அதுங்களும் அவங்க வீட்டு எண்ணெயை இங்கயே கொண்டாந்து கொடுத்துடும். எல்லாத்தையும் சேர்த்து டின்ல ஊத்தி இவ தூக்கிட்டு வருவா." அன்னபூரணி தேன்மொழியின் கையில் ஒரு வடையைக் கொடுத்துவிட்டு, வாணலியில் இன்னொன்றைத் திருப்பிப் போட்டார். பிறகு பெருமூச்சு விட்டார். "முந்தியெல்லாம் எவ்வளவு நிம்மதி! வியாழக்கிழமை சந்தை, வெள்ளிக்கிழமை பள்ளி லீவு. நல்லாத் தூங்குவேன். இப்ப லீவை சனி, ஞாயிறுன்னு மாத்திட்டாங்க. காலையில அஞ்சரைக்கு எழுந்து இவளைக் கிளப்பறதுக்குள்ள போதும் போதும்னு ஆயிடுது. இன்னிக்குப் பாரு, தலைவலின்னு படுத்துட்டா!"

தேன்மொழி வாயில் வைத்த வடையைக் கடிக்க மறந்தாள்.

ஜொகூரில் பல ஆண்டுகளாக வெள்ளியும் சனியும்தான் வார விடுமுறை. சனியும் ஞாயிறும் என்று மாறியது போன ஆண்டுதான். அக்கா புரோகிராம் எழுதியதோ அதற்கும் முன்னால்!

அந்தப் புரோகிராமில் 'லீவு' என்று ஒரு வரி உண்டு. அதற்கு நேராக 4, 5 என்று இரண்டு எண்கள். ஏதோ மாதத்தின் நான்காம் தேதி, ஐந்தாம் தேதி என்று நினைத்து, தேன்மொழி அதைப் பலமுறை தாண்டிப் போயிருந்தாள்.

வீட்டுக்குள் நுழைந்ததும் கேட்டாள். "அக்கா! லீவுன்னு போட்டு நாலு, அஞ்சுன்னு எழுதியிருக்கியே, அது என்னா?"

"கிழமை. கம்ப்யூட்டர் திங்கக்கிழமையைச் சைபர்னு எண்ணும். அப்ப வெள்ளி நாலு, சனி அஞ்சு. லீவு நாளைப் படத்துல போட வேணாம்னு..." வைஷ்ணவி நிறுத்தினாள். வாயைப் பொத்திக்கொண்டாள். பிறகு கையை எடுத்துவிட்டு, "என் புரோகிராம் சரியாத்தான் இருந்துச்சு. ஊருதான் லீவை மாத்திடுச்சு," என்றாள்.

மறுநாள் காலை ஏழு மணிக்கே தேன்மொழியும் ரூபேந்திரனும் கணினி அறை வாசலில் நின்றார்கள். லெட்சுமணன் சார் கதவைத் திறந்துவிட்டார்.

"வெள்ளிக்கிழமையை லீவுன்னு நினைச்சுத் தூக்கிப் போட்டுடுச்சு," என்று தேன்மொழி விளக்கினாள். "ஞாயித்துக்கிழமையைப் பள்ளி நாள்னு நினைச்சுக்கிட்டு, யாரும் எண்ணெய் கொண்டு வரலன்னு சைபர் போட்டுடுச்சு. அதான் எல்லாக் கோடும் வாராவாரம் விழுந்துச்சு."

"நாம வீட்டுல தூங்கினதுக்கு நமக்குச் சைபரா?" ரூபேந்திரனுக்குக் கோபம் வந்தது. "நல்ல நியாயம்லா!"

அப்போது வெளியே தகரம் தரையில் உரசும் சத்தம் கேட்டது. புஷ்பவள்ளி இரண்டு கைகளிலும் டின்களைப் பிடித்தபடி, மூச்சு வாங்க நின்றுகொண்டிருந்தாள்.

"கொண்டு வரமாட்டேன்னு சொன்னே?" என்றாள் தேன்மொழி.

"சொன்னேன். அம்மா எழுப்பி விட்டுட்டாங்க. பேசிக்கிட்டே நிக்காம வந்து பிடி, கை பிஞ்சு போகுது!"

மூவரும் சேர்ந்து பீப்பாயில் ஊற்றினார்கள். பன்னிரண்டு லிட்டர். புஷ்பவள்ளி நோட்டில் எழுதினாள். ரூபேந்திரன் ஒற்றை விரலால் தட்டினான். தேன்மொழி நான்கை ஐந்தாகவும் ஐந்தை ஆறாகவும் மாற்றினாள். குங்குமத்தைத் தொட்டுக்கொண்டு ஓடவிட்டாள்.

தரையில் கிடந்த மஞ்சள் கோடு எழுந்து நின்றது. ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் ஒரு மலை. மொத்தம் நான்கு மலைகள். மற்ற கோடுகளும் தடுக்கி விழுவதை நிறுத்தியிருந்தன.

ரூபேந்திரன் மொத்தத்தைப் பார்த்தான். மஞ்சள் நாற்பத்திரண்டு. பச்சை முப்பத்தாறு.

"அலமாக்! நாம ரெண்டாவது ஆயிட்டோம்!" என்று அலறினான். பிறகு குரலைத் தாழ்த்தி, "பன்னிரண்டு மணிக்குள்ள லீவைப் பழையபடி மாத்தச் சொல்லி..." என்று தொடங்கினான். இரண்டு பேர் முறைத்ததில் அப்படியே நிறுத்திக்கொண்டான்.

மணி அடித்ததும் வகுப்பு உள்ளே வந்தது. கவின் சுவரில் இருந்த நான்கு மலைகளையும் வெகுநேரம் பார்த்தான். மெதுவாகப் புஷ்பவள்ளியின் பக்கம் நகர்ந்தான்.

"நான் சொன்னது தப்புலா. சாரி."

புஷ்பவள்ளி அவனை மேலும் கீழும் பார்த்தாள். "அடுத்த வியாழக்கிழமை கடைக்கு வா. எங்கம்மா எந்த எண்ணெயில சுடறாங்கன்னு பக்கத்துல நின்னு பாரு. பாத்துட்டு ரெண்டு வடை தின்னுட்டுப் போ."

"சும்மாவா?"

"பாக்கறது சும்மா."

லெட்சுமணன் சார் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். "அனுப்பிடலாமாம்மா?"

"அனுப்பலாம் சார்!" தேன்மொழி நிம்மதியாக நாற்காலியில் சாய்ந்தாள்.

"ஒரு நிமிஷம்," என்றாள் புஷ்பவள்ளி. தலையைச் சாய்த்து, ஒரு கண்ணை மூடிப் படத்தைப் பார்த்தாள். "எங்கம்மா கடைசி வரிசையிலதான் உக்காருவாங்க. மஞ்சள் இன்னும் கொஞ்சம் தடிப்பா இருந்தா நல்லா இருக்கும்."

தேன்மொழி தன் தலையில் ஒரு குட்டு வைத்துக்கொண்டாள். பிறகு சிரித்துக்கொண்டே, நான்கு கோடுகளையும் இரண்டு மடங்கு தடிப்பாக்கினாள்.