காட்டேரிக் கணவாய்க்கு ஆறு நொடி

நொடிக்கு வயது பத்து. அது அவளுடைய உண்மையான பெயர் இல்லை. எந்நேரமும் கழுத்தில் ஒரு ஸ்டாப்வாட்ச் தொங்குவதால் வீட்டில் வைத்த பெயர். கூப்பிடக் கூப்பிட அதுவே ஒட்டிக்கொண்டது.

ஸ்டாப்வாட்ச் விளையாடுவதற்கு அல்ல. நொடியின் அம்மா, வேறு மொழியில் எடுத்த கடல் படங்களுக்குத் தமிழில் வசனம் எழுதுபவர். படத்தில் ஒரு மீன் ஏழு நொடி நீந்தினால், அதைப் பற்றிய பேச்சும் ஏழு நொடிக்குள் முடிய வேண்டும். மீன் போன பிறகும் பேச்சு மட்டும் நீந்திக்கொண்டிருந்தால் நன்றாகவா இருக்கும்? அதனால் அம்மா எழுதி வாசிப்பார், நொடி பொத்தானை அழுத்துவாள்.

"எட்டரை. ஒன்றரை நொடி கூடிப்போச்சும்மா."

"சரி, 'மிகவும்' வேணாம். அடிச்சிடறேன்."

அன்று பள்ளி விடுமுறை. அம்மா, நொடியையும் அவள் தம்பி வாலுவையும் ஒலிப்பதிவு அறைக்கு அழைத்து வந்திருந்தார். வாலுவுக்கு ஆறு வயது. கையில் ஒரு பிஸ்கட் பொட்டலம்.

கண்ணாடிச் சுவருக்கு அந்தப் பக்கம், ஒலிவாங்கியின் முன்னால் குரல் மாமா உட்கார்ந்திருந்தார். திமிங்கிலம், சுறா, நண்டு எதுவானாலும் தமிழில் அவர்தான் பேசுவார். மின்விசிறி ஓடினால் அதன் சத்தமும் பதிவாகிவிடும் என்று அதை நிறுத்தியிருந்தார்கள். மாமாவின் வழுக்கைத் தலையில் வியர்வை முத்து முத்தாக நின்றது. இந்தப் பக்கம் ஒலிப்பதிவு அக்கா. அவருக்கு முன்னால் ஏகப்பட்ட பொத்தான்கள்.

"மாமா, கடைசிக் காட்சி," என்றார் அக்கா. "இந்தத் தடவை உங்க வயிறு பேசாம பாத்துக்கங்க. போன தடவை சுறா வந்தப்போ கடமுடான்னு கேட்டுச்சு."

"சுறாவுக்குப் பசின்னு நெனச்சுக்கட்டும்மா," என்றார் மாமா.

நொடி நாற்காலியின் நுனிக்கு வந்தாள். இந்தக் காட்சியை அவள் வீட்டில் ஒன்பது முறை பார்த்திருக்கிறாள். பத்தாவது முறையும் கண்ணை எடுக்க முடியவில்லை.

சூரிய வெளிச்சம் எட்டாத ஆழம். அந்தக் கும்மிருட்டில் கருஞ்சிவப்பாக ஒன்று குடையைப் போல விரிகிறது. பெரிய நீலக் கண்கள். அதன் பெயர் காட்டேரிக் கணவாய்; கணவாய் மீனுக்கு உறவு. பெயரைக் கேட்டால்தான் பயம். அது யாரையும் துரத்துவதில்லை. உடலிலிருந்து மெல்லிய நூல் ஒன்றை நீட்டிவிட்டு, அசையாமல் மிதக்கிறது. மேலிருந்து வெள்ளை வெள்ளையாகத் துகள்கள் இறங்கி வருகின்றன. நூலில் ஒட்டியதைச் சின்ன உருண்டையாகத் திரட்டிச் சாப்பிடுகிறது. அவ்வளவுதான் அதன் வேட்டை. இவ்வளவு சாதுவான காட்டேரியை நொடி எங்கேயும் பார்த்ததில்லை.

மாமா கனிவாகச் சொன்னார்: "ஆழ்கடலில் ஓயாமல் பனி பெய்கிறது. அதுதான் இதன் உணவு."

"அருமை," என்றார் அக்கா.

வாலு நிமிர்ந்து பார்த்தான். "பாவம். ஸ்வெட்டர் போடாம அதுக்குக் குளிராதா? வெறும் ஐஸைத் தின்னா சளி பிடிக்குமே."

எல்லோரும் சிரித்தார்கள். நொடி மட்டும் சிரிக்கவில்லை.

"அம்மா, அது ஐஸ் இல்லையே?"

"இல்லடா. மேல வாழ்ற மீன், இறால் எல்லாம் சாப்பிட்டுச் சிதறினது, செத்துக் கரைஞ்சது, கழிச்சது எல்லாம் தூளா இறங்கி வருது. பாக்கப் பனி மாதிரி இருக்குன்னு பனின்னு எழுதினேன்."

"வாலுவே நிஜப் பனின்னு நெனச்சுட்டான். டிவியில பாக்கற பசங்களும் அப்படித்தானே நெனப்பாங்க?"

அம்மா பேனாவை எடுத்தார். ஒரு தாளில் விறுவிறுவென்று எழுதி உள்ளே கொடுத்தார். மாமா வாசித்தார்: "மேற்பரப்பில் வாழ்ந்து மடிந்த உயிரினங்களின் நுண்துகள்களும் கழிவுகளும் இடைவிடாது ஆழத்தை நோக்கி இறங்கிய வண்ணம் உள்ளன."

"பதினொன்று," என்றாள் நொடி. "ஆறுதான் இருக்கு."

மாமா மூச்சைப் பிடித்துக்கொண்டு மறுபடி வாசித்தார். ஒன்பது நொடி வந்தது.

"ஏலம் விடற மாதிரி இருக்கு மாமா," என்றார் அக்கா. பிறகு கடிகாரத்தைப் பார்த்துவிட்டு அம்மாவிடம் திரும்பினார். "அக்கா, நாலு மணிக்கு வேற ஆளுங்க வந்துடுவாங்க. பத்து நிமிஷம்தான் இருக்கு. படம் ஏற்கெனவே நீளம்னு சொல்லிட்டாங்க. வசனம் சரியா வரலைன்னா இந்தக் காட்சியையே வெட்டிடலாமா?"

நொடிக்குத் தூக்கிவாரிப் போட்டது. வெட்டிவிட்டால் அந்த நீலக் கண்களை யார் பார்ப்பார்கள்? காட்டேரி என்ற பெயர் மட்டும்தானே மிஞ்சும்?

அம்மா எழுதினார், அடித்தார், மறுபடி எழுதினார். "துகள் மழை... புரியாது. கழிவு மழை... சாப்பிடற நேரத்துல பாக்கறவங்க எழுந்து போயிடுவாங்க."

அப்போது வாலு பிஸ்கட்டை நறுக்கென்று கடித்தான். தூள் அவன் மடியில் விழுந்து, அங்கிருந்து தரையில் உதிர்ந்தது.

"டேய், சிந்தாம சாப்பிடு," என்றார் அம்மா, தாளிலிருந்து தலையைத் தூக்காமலே. ஒரு நாளைக்குப் பத்துத் தடவை சொல்லும் வார்த்தை அது.

நொடி அந்தத் தூளையே பார்த்தாள். பிறகு திரையைப் பார்த்தாள்.

"அம்மா, அங்கயும் யாரோ சிந்திச் சிந்திதானே சாப்பிடறாங்க? மேல இருக்கறவங்க சிந்தறதுதானே கீழ வருது? சிந்தல் மழைன்னு சொன்னா?"

அம்மாவின் பேனா நின்றது. "சிந்தல் மழை," என்று ஒருமுறை சொல்லிப் பார்த்தார். உடனே மடமடவென்று எழுதினார்.

மாமா நிதானமாக வாசித்தார்: "மேலே சிந்துவதெல்லாம் கீழே மழையாகப் பெய்கிறது. இந்தச் சிந்தல் மழைதான் இதன் உணவு."

நொடி பொத்தானை அழுத்தினாள்.

"ஐந்து புள்ளி எட்டு."

"வாலு, என்னடா புரிஞ்சுது?" என்று கேட்டார் அம்மா.

"மேல இருக்கறவங்க கீழ சிந்திடறாங்க. இது வீணாக்காம எடுத்துச் சாப்பிட்டுக்குது. நல்ல காட்டேரி."

அக்கா பச்சைப் பொத்தானைத் தட்டினார். "காட்சி இருக்கட்டும், வெட்ட வேணாம். மாமா, பதிவு பண்ணிடலாம்."

"கொஞ்சம் இரும்மா. சாப்பாட்டைப் பத்திப் பேசிப் பேசி வயிறு மறுபடி ஆரம்பிச்சுடுச்சு," என்றார் மாமா. வாலு ஓடிப்போய் அவருக்கு இரண்டு பிஸ்கட் கொடுத்துவிட்டு வந்தான்.

பதிவு முடிந்தபோது நாலு மணிக்கு இன்னும் ஒரு நிமிடம் இருந்தது. அம்மா தாள்களை அடுக்கிக்கொண்டு, வாலுவின் நாற்காலியைப் பார்த்தார்.

"டேய், எத்தனை தடவை சொல்றது, சிந்தாம..." என்று ஆரம்பித்தவர், பாதியில் நிறுத்திக்கொண்டார்.

நாற்காலிக்குக் கீழே, சுவரோரமாக வந்த ஒரு வரிசை எறும்புகளுக்கு அன்று நல்ல மழை.