மரத்த கன்னம்

மாத்திரை கசக்கவில்லை.

முந்தின நாள்வரை கசந்தது. பக்கவாதம் வந்து வலப்பக்கம் முழுக்க மரத்துப்போன தையல்கார அக்காவுக்கு, இடப்பக்க நாக்கில் ஏறும் அந்தக் கசப்பு ஒரு தெம்பு. ரத்தம் மறுபடி உறையாமல் காக்கிற மாத்திரை அது, தவறினால் மிச்சமிருக்கும் பக்கமும் போய்விடும் என்று டாக்டர் அவள் தங்கையிடம் எச்சரித்திருந்தார். மரத்த கன்னத்தில் வைத்தால் அங்கேயே தங்கிவிடும், இடப்பக்கமாக வையுங்கள் என்று நர்ஸ் செய்தே காட்டினாள். தங்கைக்குக் கற்பூர புத்தி. அம்மா போன பிறகு அவளைத் தோளில் போட்டு வளர்த்ததே இந்த அக்காதான்.

அவசரத்தில் பக்கம் மாறியிருக்கும் என்று அக்கா மனதைத் தேற்றிக்கொண்டாள்.

வெயில் ஏறிய வார்டில் பினாயில் நெடியும், ஈரத்துணி வாடையும், தூரத்தில் மருந்து வண்டியின் சக்கரம் கிறீச்சிடும் ஓசையும் கலந்து வந்துகொண்டிருந்தபோது, தங்கை அடுத்த வேளை மாத்திரையோடு குனிந்தாள். இந்த முறை அக்கா கண் கொட்டாமல் பார்த்தாள். விரல்கள் இடப்பக்கத்தைத் தாண்டி வலக் கன்னத்துக்குள் போயின. தண்ணீர் புகட்டினாள். நர்ஸ் பார்த்துவிட்டு நகர்ந்ததும், விரலில் ஈரத்துணியைச் சுற்றி வாயைத் துடைத்தாள். துணி வெளியே வந்தபோது அதில் அரைகுறையாய்க் கரைந்த மாத்திரை ஒட்டியிருந்தது.

திரும்பி வந்த நர்ஸ், இப்படியொரு தங்கை கிடைக்கக் கொடுத்து வைத்திருக்க வேண்டும் என்றாள்.

இல்லை, இவள் என்னைக் கொல்கிறாள் என்று அக்கா கத்தினாள். நோய் வந்த நாளிலிருந்து அவள் வாயில் மிஞ்சியிருந்தது ஒரே சொல்தான். பசித்தாலும் அது, வலித்தாலும் அது.

"சரி."

அக்கா எதற்குமே மறுப்புச் சொல்வதில்லை என்று நர்ஸ் சிரித்தாள். அக்கா இடக்கையால் கன்னத்தைக் காட்டினாள். நர்ஸ் டார்ச் அடித்துப் பார்த்தாள். வாய் சுத்தமாக இருந்தது. பல் கூசுகிறதோ என்னவோ என்றாள் தங்கை. நர்ஸ் போனதும், இடப்பக்கம் தொங்கிய அழைப்பு மணியைக் கழற்றி வலப்பக்கம் மாட்டினாள்.

பிறகு முகத்தருகே குனிந்தாள். அக்கா தைத்துக் கொடுத்த சட்டைதான் போட்டிருந்தாள்.

"என்னால முடியலக்கா. காலம் பூரா உன்னைத் தூக்கிப் படுக்க வைக்க முடியாது. தூங்குற மாதிரிதான் இருக்குமாம். போயிடுறியா?"

மாட்டேன். மாட்டேன்.

"சரி."

தங்கையின் கண் கலங்கியது. அக்காவின் நெற்றியில் முத்தமிட்டாள். "எனக்குத் தெரியும். நீ எனக்கு எதையும் இல்லன்னு சொன்னதே இல்ல."

வளர்த்த கடா மார்பில் பாய்ந்தது. அக்காவுக்கு அழக்கூட ஒரு கண்தான் ஒத்துழைத்தது.

அடுத்தடுத்த வேளைகளிலும் கசப்பு வரவில்லை. ஒரு மதியம், இடக்கை விரல் நுனிகளில் எறும்பு ஊர்ந்தது. பின் மணிக்கட்டு. பின் முழங்கை. நாக்கு தடித்தது. அந்த ஒரு சொல்லும் போயிற்று.

தங்கை பார்த்துக்கொண்டே இருந்தாள். இடக்கையைத் தூக்கினாள். விட்டாள். தொப்பென்று விழுந்தது. மறுபடி தூக்கினாள்.

விழுந்தது.

சக்கர ஓசை நெருங்கியது. கட்டிலருகே நின்றது.

"மாத்திரை இப்பதான் குடுத்தேன் சிஸ்டர்," என்றாள் தங்கை, நர்ஸுக்கு மறைவாகக் குனிந்தபடி. "அசந்து தூங்குறாங்க."

அக்கா கண்களை அகல விரித்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். தங்கையின் விரல்கள் மெல்ல வந்து, இமைகளை ஒவ்வொன்றாக இழுத்து மூடின.