மஞ்சள் தீற்றல்

லெஸ்லியின் கட்டைவிரலில் பட்ட மஞ்சள் பெயின்ட் இன்னும் காயவில்லை. பட்டு மூன்று வாரம் ஆகிறது. டர்பன்டைன் போட்டான், சோப்பு போட்டான், கடைசியில் உப்புத்தாளால் உரசினான். தோல்தான் போனது.

பழைய கார்களின் சக்கரங்களைத் தாங்கும் சஸ்பென்ஷன் பாகங்களைத் தொழிற்சாலையிலிருந்து வந்த கோலத்துக்கே கொண்டுவருவதில் இங்கிலாந்தின் கவன்ட்ரி வட்டாரத்தில் அவனை மிஞ்ச ஆளில்லை. எந்த இரும்புக்குக் கருஞ்சாம்பல் பூச்சு, எதற்கு வெறும் எண்ணெய் என்பதெல்லாம் அத்துப்படி. எல்லாம் முடிந்தபின் ஒரு மஞ்சள் தீற்றல். அந்தக் காலத்துத் தொழிற்சாலைப் பரிசோதகர் தட்டிப் பார்த்து, முறுக்கிப் பார்த்து, 'இதன் வேலை முடிந்தது' என்று வைத்த அடையாளம் அது. இப்போது பரிசோதனை கிடையாது. தீற்றல் மட்டும் அழகுக்கு.

வாடிக்கைக்காரன் டெரெக் பழைய கார் கண்காட்சிக்காகக் கொடுத்திருந்த காரில், முன்சக்கரத்தைத் தாங்கும் இரும்புக் கையில் முடியளவு விரிசல் இருந்தது. லெஸ்லி பார்த்தான். புதியதை மாட்டினால் அசல் பாகம் இல்லையென்று கண்காட்சியில் மதிப்பெண் போகும். விரிசல்மேலேயே பூச்சேற்றி, மஞ்சளும் தீற்றி, வாயை மூடிக்கொண்டான். ரோட்டில் ஓடாமல் கண்காட்சிக்கு லாரியில் போய் லாரியில் திரும்பும் பொம்மைதானே என்று மனதுக்குச் சமாதானம் சொன்னான். கோப்பை கிடைத்தது. அன்றிலிருந்து சாப்பாடு இறங்கவில்லை.

மதியம் டெரெக் போன் செய்தான்.

"லெஸ், வண்டிய இன்னிக்கு ரோட்ல எறக்குறேன்பா. வேல்ஸ் மலைப்பக்கம். மக இமோஜனும் வர்றா."

"மழை வருமே."

"மழைக்குப் பயந்தா இந்த ஊர்ல குடியிருக்க முடியுமா? நீ கை வெச்ச வண்டி, எனக்கென்ன பயம்?"

சொல்லிவிடு, சொல்லிவிடு என்று நெஞ்சு அடித்துக்கொண்டது. சொன்னால் இத்தனை வருடத்துப் பெயர் போய்விடும்.

"பாத்துப் போ," என்றான்.

போனை வைத்ததும், பட்டறையின் கோடியில், தார்ப்பாய் மூடிய இரும்புகளுக்குப் பின்னாலிருந்து, சின்னச் சுத்தியலால் யாரோ பொறுமையாகத் தட்டிப் பார்க்கும் ஓசை எழுந்தது. பழைய பெயின்ட் வாடை மூக்கில் ஏறியது. தட்டல் நின்றது. ஸ்பேனர் முறுக்கும் ஓசை. அதுவும் நின்றது.

தார்ப்பாயை விலக்கினான். யாருமில்லை.

கழுவிக் காயவைத்திருந்த தூரிகை தரையில் கிடந்தது. ஈரமாக. மஞ்சளாக.

டெரெக்கை அழைத்தான். எடுக்கவில்லை. மறுபடி. எடுக்கவில்லை.

போன் அதிர்ந்தது. டெரெக் அனுப்பிய படம். 'கிளம்பிட்டோம்.'

பச்சைக் கார். அப்பாவும் மகளும் சிரித்தபடி.

டெரெக்கின் நெற்றியில் ஒரு மஞ்சள் தீற்றல். இமோஜனின் நெற்றியிலும். அவளுடையது அப்போதுதான் வைத்தது. சிரிக்கும் கண்ணுக்குள் வழிந்துகொண்டிருந்தது.