சின்னப் பட்டை போதும்

செவ்வாய்க் கிரகத்தின் மூன்றாம் சுரங்கத்தில் இருமல் வந்தால் ஆட்கள் முதலில் தலைக்கவசத்தை இறுக்கி மூடுவார்கள். இருமுவது அதற்குப் பிறகுதான். செம்புழுதி நுரையீரலில் இறங்கிய ஆளை நிறுவனம் அடுத்த கப்பலில் பூமிக்கு ஏற்றிவிடும். அங்கே அவனுக்கு வேலையும் கிடையாது, வீடும் கிடையாது.

கோட்டைச்சாமிக்குப் புழுதி இறங்கி நாளாகிவிட்டது. அது அவன் மனைவி பேச்சிக்கு மட்டும்தான் தெரியும்.

அந்த நேரம் பார்த்து வீட்டு மேசைக்கணினியின் நினைவுப்பட்டை கெட்டுப்போனது. காற்றையும் தண்ணீரையும் திறந்துவிடுவது அந்தக் கணினிதான். வீட்டுச் சத்தத்தையெல்லாம் கேட்டுக்கொண்டிருப்பதும் அதுதான். புதுப் பட்டை வாங்காமல் தீராது.

கடைக்காரி ரோஸ்லின் இரண்டு பட்டைகளை எடுத்து வைத்தாள். “சோடியாப் போடுங்கண்ணே. ரெண்டும் ஒரே அளவு. சேர்ந்து ஓடுனா வேகம், இடமும் தாராளம்.”

“எதுக்கு ரெண்டு? ஒண்ணு எனக்கு, இன்னொண்ணு ஆபீஸ்காரனுக்கா?”

“ஐயோ, அப்படியெல்லாம் இல்லண்ணே.”

“இடம் தாராளமா இருந்தா எல்லாத்தையும் ஞாபகம் வச்சுக்குமில்ல? இருக்கறதுலயே சின்னதைக் குடு.”

“சின்னது பத்தாதுண்ணே. சும்மா சும்மா கேள்வி கேக்கும். கேக்கறப்ப படிச்சுப் பாத்து அமுக்குங்க.”

பெரிய சோடியைத் தலையில் கட்டப் பார்க்கிறாள் என்று நினைத்தான். சின்னதையே வாங்கினான்.

அன்று முதல் வீட்டுக்குள் வாய்விட்டு இருமினான். இத்தனூண்டு பட்டைக்கு என்ன ஞாபகமிருக்கப்போகிறது!

ஆனால் வேலை முடிந்து வந்து குழாயடியில் நிற்கும்போதெல்லாம் திரையில் ஒரு கேள்வி வந்தது. ‘நினைவகம் போதவில்லை. மிகுதியை வெளிக்கிடங்கில் வைக்கலாமா?’ கீழே எறும்புச்சாரை மாதிரிப் பொடி எழுத்து. பதில் சொன்னால்தான் தண்ணீர்.

“என்னன்னு படிச்சுட்டு அமுக்குங்களேன்” என்றாள் பேச்சி.

“கண்ணெல்லாம் மண்ணு. முதல்ல தண்ணி வரட்டும்” என்று ‘சம்மதம்’ அமுக்கினான். தினமும் அமுக்கினான்.

ஒருநாள் அலுவலகத்துக்குக் கூப்பிட்டு அவன் இருமலை அவனுக்கே போட்டுக் காட்டினார்கள். “மெதுவா, மெதுவா” என்று பேச்சி முதுகு நீவிவிடும் சத்தம்கூடத் தெளிவாகக் கேட்டது.

“இதை யாரு குடுத்தது? அந்தக் கடைக்காரியா? பக்கத்து வீட்டுக்காரனா?”

“நீங்கதான்” என்றார் அதிகாரி. “வெளிக்கிடங்கு நிறுவனத்தோடது. நீங்களே சம்மதம் குடுத்து அனுப்பியிருக்கீங்க. பெரிய பட்டை போட்டிருந்தா எல்லாம் உங்க வீட்டுக்குள்ளயே கிடந்திருக்கும்.”

“என்னமோ சூது பண்றீங்க சார். எனக்குத் தெரியாதா?”

அதிகாரி, பூமிக்குத் திரும்பும் அறிவிப்பைத் திரையில் திறந்து அவன் பக்கம் தள்ளினார். “நல்லா படிச்சுட்டு அமுக்குங்க. அவசரமே இல்ல.”

பொடி எழுத்துக்கு நடுவில் ஒரு வரி இருந்தது. நுரையீரல் பாதிக்கப்பட்டவர் ‘மறுக்கிறேன்’ என்று அமுக்கினால் நிறுவனச் செலவில் சிகிச்சையும், புழுதியில்லாத மேல்தளத்தில் வேலையும் தரப்படும்.

“படிக்க உக்கார வச்சு இன்னும் எதைப் பிடுங்கலாம்னு பாக்குறீங்க?” என்றான் கோட்டைச்சாமி. எழுத்தையெல்லாம் ஒரே விரலால் விருட்டென்று மேலே தள்ளினான். அடியில் ‘சம்மதம்’ வந்தது. அமுக்கினான்.